வழுவும் வழுவமைதியும்: மேலோடி நீட்சியைச் சோதித்துத் திருத்தும் நெறி

தமிழ் இலக்கண நூலார் சொல்லின் ஆட்சியை வழாநிலை, வழு, வழுவமைதி என மூவகைப்படுத்தி ஆராய்ந்தனர். நெறி பிறழாது நிற்பது வழாநிலை, பிறழ்ந்தது வழு, பிறழ்ந்ததாயினும் தக்க காரணம் பற்றிச் சான்றோரால் அமைத்துக்கொள்ளப்படுவது வழுவமைதி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் வழு நிகழுமென வகுத்து, மாணாக்கர் அதனை இனங்காணுமாறு எடுத்துக்காட்டுகளாற் பயிற்றினர். இற்றைநாட் கணினித் துறையினர் தம் நிரல்களில் நேரும் பிழைக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டியபோது, இவ்விலக்கணச் சொல்லையே எடுத்தாண்டு 'வழு' என்றனர். அதனை இடங்கண்டு களைதல் 'வழுநீக்கம்' எனப்பட்டது.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல் பூச்சியைக் குறிப்பது. எடிசன் 1878ஆம் ஆண்டிலேயே தம் கருவிகளின் குறைகளை அச்சொல்லாற் குறித்துள்ளார். 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' என்னும் கணிப்பொறியின் உள்ளே ஒரு விட்டிற்பூச்சி அகப்பட்டிருக்கக் கண்டோர், அதனை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்த வரலாறு பலரும் அறிந்ததே. ஆயினும் இவ்விரு பெயர்களுள் தமிழ்ப் பெயரே பொருட்பொருத்தம் மிக்கது. பூச்சி வெளியிலிருந்து வந்து புகுவது. வழுவோ எழுதியவன் கொண்ட விதியின் குறைபாட்டிலிருந்தே பிறப்பது. தமிழ் எழுத்தைக் கையாளும் மென்பொருளில் இவ்வுண்மை மிகத் தெளிவாக விளங்கும். அதற்குச் சான்றாகப் பாமினி எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றும் மேலோடி நீட்சியின் சோதனையை ஈண்டு ஆராய்தல் தகும்.

பாமினியும் ஒருங்குறியும்

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள் மேலோடி எனப்படும். உலாவி என்பாரும் உளர். குறோம், பயர்பொக்ஸ் என்பன அவ்வகையின. மேலோடிக்குத் தன்னிடத்து இல்லாத ஒரு தொழிலைக் கூடுதலாகக் கற்பிக்கும் சிறு நிரலே நீட்சி.

ஈழத் தமிழரிடையே நெடுங்காலமாகப் பெருவழக்குப் பெற்ற எழுத்துரு பாமினி. அது தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசையமைப்பைத் தழுவியது. ஆங்கில எழுத்துகளின் குறியெண்களையே வைத்துக்கொண்டு, அவற்றின்மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தியது எனலாம். ஆதலின் பாமினியில் 'தமிழ்' என்று தட்டெழுதப்பட்ட சொல், கணினியின் உள்ளே ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கும். எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழாகத் தோன்றும். இல்லாத கணினியில் பொருளற்ற எழுத்துக்கோவையாகும். எழுத்துரு இருப்பினும், தேடுபொறிக்கு அது தமிழன்று.

ஒருங்குறியோ தமிழுக்கெனத் தனிக் குறியெண்களை அளிப்பது. 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமுண்டு. இலங்கையில் தமிழ்க் குறிமுறைக்கான எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமம் 2008ஆம் ஆண்டுக்குரியது. எனினும் அதற்கு முன்னரும் பின்னரும் பாமினியில் எழுதப்பட்ட கோவில் மலர்களும், பாடசாலைச் சஞ்சிகைகளும், சங்க அறிக்கைகளும், மரண அறிவித்தல்களும் மிகப் பல.

வன்னி நிலத்துக்கு இஃது ஏட்டளவான செய்தியன்று. 2008, 2009ஆம் ஆண்டுகளின் போரிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது, வீடுகளிலும் பாடசாலைகளிலும் இருந்த கடதாசிகள் பெரும்பாலும் அவர்களோடு செல்லவில்லை. அவ்வூர்களைப் பற்றிய செய்தி இன்று ஒரு பழைய இணையப் பக்கத்திலோ, எவரோ அனுப்பி வைத்திருந்த கோப்பிலோ மட்டும் எஞ்சியிருக்கலாம். அதுவும் பாமினியில் இருக்குமாயின், தன் ஊர்ப்பெயரை ஒருங்குறியில் எழுதித் தேடுபவனுக்கு அது கிட்டாது. உள்ள பொருளே இல்லாத பொருளாகிவிடும். இக்குறையைத் தீர்ப்பதற்கே எழுத்துரு மாற்றிகள் தோன்றின. சுரதா யாழ்வாணன் ஆக்கிய பொங்குதமிழ் மாற்றி அவற்றுட் பலரும் அறிந்தது. பக்கத்தைத் திறந்தவுடன் அங்கேயே மாற்றிக் காட்டும் நீட்சி வகையில், பயர்பொக்ஸுக்கென நாகார்ஜுன வென்னா உருவாக்கிய 'பத்மா' தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளுக்குப் பயன்பட்டது.

ஐந்து ஊர்ப்பெயர்கள்

ஒரு விசைக்கு ஓர் எழுத்தென அட்டவணை எழுதிவிட்டால் மாற்றி ஆயிற்று என்று புதிதாக நிரல் எழுதுவோன் கருதுவான். அக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதை வன்னியின் ஐந்து ஊர்ப்பெயர்களே காட்டிவிடும்.

முதலாவது, இரணைமடு. பாமினியில் எழுதுவோர் கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படியே தட்டுவர்; ஐகாரக் குறியை முதலிலும் ணகரத்தை அதன்பின்னும் இடுவர். ஒருங்குறியோ ஒலிக்கும் முறைப்படி மெய்யை முதலில் வைத்து, உயிர்க்குறியைப் பின்வைக்கும். விசைக்கு எழுத்தாக மாற்றிய நிரலில் ஐகாரக் குறி தனக்கு முன்னின்ற ரகரத்தைப் பற்றிக்கொள்ள, இரணைமடு 'இரைணமடு' ஆகிவிடும். ஆகவே எகர, ஏகார, ஐகாரக் குறிகளைத் தொடர்ந்து வரும் மெய்யைத் தாண்டிப் பின்னே நகர்த்துக என்பது முதல் விதி. இவ்வழு கண்ணுக்குப் புலனாவது. ஆதலின் எளிதில் அகப்படும்.

இரண்டாவது, கிளிநொச்சி. பாமினியில் நொகரம் கொம்பு, நகரம், அரவு என மூன்று தட்டுகளால் ஆவது. முதல் விதி கொம்பை நகர்த்திவிட்டால், திரையில் கிளிநொச்சி பழுதின்றித் தோன்றும். ஆனால் உள்ளே கொம்பும் அரவும் இரு வேறு குறிகளாகவே நிற்கின்றன. ஒருங்குறியில் ஒகரக் குறிக்குத் தனியெண் ஒன்று உண்டு. தனியெண்ணால் எழுதிய கிளிநொச்சியில் 10 குறிகள். பிரிந்து நின்றதில் 11. இரண்டும் ஒன்றே என்பது ஒருங்குறியின் கொள்கையாயினும், நிரல் அவற்றை நேருக்கு நேர் ஒப்பிடும்போது வெவ்வேறு என்றே விடை பகரும். இரண்டையும் ஒருமைப்படுத்தும் கட்டளை 2015ஆம் ஆண்டின் யாவாஸ்கிரிப்ட் நியமத்திற் சேர்க்கப்பட்டது. அதனை இட்டால் வழு நீங்கும். கண்ணாற் பார்த்துச் சரியென்று கூறுவது சோதனையாகாது என்னும் பாடத்தைக் கிளிநொச்சி கற்பிக்கின்றது.

மூன்றாவது, பூநகரி. பழைய எழுத்து மரபில் ரகரத்தின்மேற் புள்ளியோ இகர ஈகாரக் குறிகளோ ஏறும்போது, அது தன் கீழ்ச்சாய்வை இழந்து அரவைப் போலவே நிற்கும். தட்டச்சுப் பொறியும் பாமினியும் அதனால் இரண்டுக்கும் ஒரே விசையைப் பயன்படுத்தின. அட்டவணையை மட்டும் நம்பிய நிரல் அதனை எப்போதும் அரவு என்றே கொண்டு 'பூநகாி' என எழுதிவிடும். ரகரத்துக்குப் பதிலாக அரவு நிற்பதைப் பல எழுத்துருக்களில் வாசிப்போர் உணர்வதும் அரிது. இணையத்தில் இன்றும் காணப்படும் 'ாி' என்னும் பிழைவடிவம் இவ்வாறு பிறந்ததே. தமிழில் அரவின்மேல் வேறோர் உயிர்க்குறியோ புள்ளியோ ஏறுவதில்லை. ஆதலின் அரவை அடுத்து இகரக் குறியோ ஈகாரக் குறியோ புள்ளியோ வருமாயின், அஃது அரவன்று, ரகரமே என விதி செய்யலாம். இவ்விதிக்கு விலக்கில்லை.

நான்காவது, வவுனியா மாவட்டத்து நேரியகுளம். பூநகரியைத் திருத்திய விதியை விதிப்பட்டியலின் இறுதியிற் சேர்த்தவன், பூநகரி சரியாக வருவதைக் கண்டு மகிழ்வான். ஆனால் நேரியகுளம் 'நோியகுளம்' என வரும். காரணம் யாதெனின், ஏகாரக் குறி, நகரம், அரவு என மூன்றையும் ஒருங்கே கண்ட முந்திய விதி அவற்றை நோகாரமாக இணைத்துவிட்டது. பின்வந்த விதிக்குத் திருத்துவதற்கு அரவே மிஞ்சவில்லை. 'பெரிய' என்னும் எளிய சொல்லும் இவ்வாறே 'பொிய' எனச் சிதையும். இரு விதிகளும் தனித்தனியே சரியானவை. அவற்றின் முறைவைப்பே பிழையானது. ரகர விதியை முன்வைத்தால் வழு நீங்கும். தமிழ்ப் புணர்ச்சி விதிகளைப் பயின்றோர்க்கு இது புதிதன்று. எவ்விதி முன்னர்ச் செல்லும், எது பின்னர் வரும் என்று அறியாது சொல்லைப் புணர்த்துபவன் அடையும் இடரே இது.

ஐந்தாவது, வவுனியாவின் வெளிக்குளம். பாமினியில் ஔகாரத்தின் பின்னுறுப்புக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. ஆதலின் கொம்பு, வகரம், ளகரம் என்னும் மூன்றையும் கண்ட நிரல் அவற்றை 'வௌ' எனச் சேர்த்து, 'வௌிக்குளம்' என்று எழுதிவிடும். 'ஒளி' என்பதும் 'ஔி' எனக் கெடும். 'வௌியீடு' என்னும் பிழைவடிவத்தை இணையத்தில் அடிக்கடி காண்போர் அதன் பிறப்பிடம் இதுவென்று அறிக. ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ளகரமே. பிறிதோர் எழுத்து வந்தால் ஔகாரத்தின் பின்னுறுப்பு என்று கொள்க என்பது விதி. இதனால் வெளிக்குளமும் ஒளியும் காக்கப்படும். மௌனமும் கௌரவமும் ஔவையாரும் தம் உருவிற் கெடாது நிற்பர்.

சோதனைப் பட்டியல்

இவ்வைந்து பெயர்களையும் ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே பாமினி வடிவையும் வரவேண்டிய ஒருங்குறி வடிவையும் குறித்து, நிரலே ஒப்பிட்டுப் பார்க்குமாறு செய்தல் வேண்டும். நிரலில் ஓர் எழுத்தைத் திருத்தினும் முழுப் பட்டியலும் மீண்டும் ஓடவேண்டும். புதிய திருத்தம் பழைய திருத்தத்தைக் கெடுக்குமாயின், அந்நொடியிலேயே அது தெரியவரும். கண்டறிந்த வழு ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் ஒரு வரி கூடவேண்டும். கூடிய வரி பின்னர் ஒருபோதும் நீக்கப்படலாகாது. இங்ஙனம் வளரும் பட்டியலே நிரலினும் விலையுயர்ந்தது. நிரலை வேறொருவர் வேறொரு நாளில் மீண்டும் எழுதலாம்; எவ்வெவ்விடத்தில் இடறினோம் என்னும் அறிவை மீண்டும் பெறுதல் எளிதன்று.

எனினும் பட்டியல் முழுவதும் தேறியதனால் நிரலில் வழுவே இல்லையெனத் துணிதல் கூடாது. சோதனை வழு உண்மையைக் காட்டுமேயன்றி, இன்மையை நிறுவ மாட்டாது என்பதை ஒல்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969ஆம் ஆண்டு உரோமில் நிகழ்ந்த மாநாட்டில் வற்புறுத்தினார்.

வழு தங்கும் இடம்

சொல்லளவிற் சோதனை தேறிய நிரலும், மேலோடியினுள் நீட்சியாகப் புகுந்தபின் வேறு இடர்களை எதிர்கொள்ளும். நீட்சி ஒரே நிரலன்று. தன் பெயரையும் தனக்கு வேண்டும் அனுமதிகளையும் அறிவிக்கும் கோப்பு ஒன்று. பக்கத்தினுள் நுழைந்து எழுத்தை மாற்றும் நிரல் ஒன்று. பின்புலத்தில் நின்று ஏவல் கேட்கும் நிரல் ஒன்று. பொத்தானை அழுத்தினால் தோன்றும் சிறு சாளரம் ஒன்று என அது பல உறுப்புகளை உடையது. ஒவ்வோர் உறுப்பும் தன் பிழைச் செய்தியைத் தனக்குரிய இடத்திலேயே எழுதும். பக்கத்தினுள் இயங்கும் நிரலின் பிழை அப்பக்கத்தின் ஆய்வுப் பலகத்திலும், பின்புல நிரலின் பிழை அதற்கெனத் திறக்கப்படும் வேறொரு பலகத்திலும் காணப்படும். இதனை அறியாத மாணாக்கன் ஒரு பலகத்தை மட்டும் நோக்கி, பிழையொன்றும் இல்லையென்று மயங்குவான்.

வெளியிடப்படாத நீட்சியைச் சோதிப்பதற்கு மேலோடிகளே வழி வைத்துள்ளன. குறோமில் விருத்தியாளர் நிலையை இயக்கிக் கோப்புறையை நேரே ஏற்றலாம். பயர்பொக்ஸில் தற்காலிகமாக ஏற்றலாம். மேலோடியை மூடித் திறந்தால் அது நீங்கிவிடும். நிரலைத் திருத்தியபின் நீட்சியையும் மீள ஏற்றவேண்டும், பக்கத்தையும் மீளத் திறக்கவேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தவன் பழைய நிரலின் விளைவைக் கண்டு, புதிய நிரலைக் குறைகூறுவான்.

பக்கம் திறந்தபின் சிறிது நேரங் கழித்து வந்து சேரும் பகுதிகள் உண்டு. அவற்றையும் மாற்றும் பொருட்டு, பக்கத்தில் நிகழும் மாற்றங்களைக் கண்காணிக்குமாறு நீட்சி எழுதப்படும். அக்கண்காணி, நீட்சி தானே செய்த மாற்றத்தையும் புதிய மாற்றமெனக் கொண்டு மீண்டும் மாற்ற முற்பட்டால், முடிவிலாச் சுழலிற் பக்கம் உறைந்துபோகும். ஒருமுறை மாற்றியதை மறுமுறை தொடாதிருத்தல் ஆகிய இயல்பைத் தனியே சோதித்தல் இன்றியமையாதது.

எது பாமினி, எது ஆங்கிலம் என்று பிரித்தறிதலும் அரிய வேலையே. பாமினியிற் காற்புள்ளி விசை இகரம். அரைப்புள்ளி விசை மெய்ப்புள்ளி. ஆங்கில வாக்கியமொன்றைப் பாமினியெனக் கொண்டு மாற்றிவிட்டால், காற்புள்ளிதோறும் இகரம் முளைக்கும். மின்னஞ்சல் முகவரி பயனற்றுப் போகும். ஆகையால் பக்கத்தின் எப்பகுதிக்குப் பாமினி எழுத்துரு விதிக்கப்பட்டுள்ளது என்று பார்த்து, அப்பகுதியை மட்டும் மாற்றல் வேண்டும். பயன்படுத்துவோர் எழுதும் படிவக் கட்டங்களையும் கடவுச்சொற் கட்டங்களையும் நீட்சி எக்காரணம் பற்றியும் தொடலாகாது. பட்டியலில் மாறவேண்டியவற்றோடு மாறக்கூடாதவையும் இடம்பெறுதல் இதனாலேயே.

வழு எங்குளதெனத் தெரியாத நிலையில், அதனைத் தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. குளத்துத் துருசைத் திறந்தும் கடைசி வயலுக்கு நீர் வந்து சேராவிடின், வன்னிக் கமக்காரன் வாய்க்கால் முழுவதையும் வெட்டிப் பார்ப்பதில்லை. நடுவழிக்குச் சென்று அங்கு நீர் வருகின்றதா என்று பார்ப்பான். வந்தால் உடைப்பு அதற்குக் கீழே; வாராவிடின் மேலே. எஞ்சிய பாதியின் நடுவிலும் அவ்வாறே பார்ப்பான். நிரலிலும் நடுவே ஒரு நிறுத்தம் இட்டு, அவ்விடத்தில் எழுத்துக்கோவை எவ்வுருவில் நிற்கின்றதென நோக்கினால், 16 விதிகளுள் வழுவுடையது எது என்பது நான்கே பார்வையில் வெளிப்படும். காரணம் புலப்படுமுன் ஊகத்தாற் பல இடங்களை ஒருங்கே திருத்துபவன், ஓர் உடைப்பை அடைக்கப் போய் இரண்டு உடைப்புகளை உண்டாக்குவான்.

மேலோடியின் மாற்றம்

நிரலில் ஓர் எழுத்தும் மாறாதிருப்பினும் நீட்சி ஒருநாள் இயங்காது போகலாம். 2017ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த பயர்பொக்ஸ் 57ஆம் பதிப்பு, பழைய அமைப்பிலான நீட்சிகளை ஏற்பதை நிறுத்தியது. பத்மா எழுந்த காலத்து நீட்சிகளின் அமைப்பு அத்தோடு வழக்கொழிந்தது. குறோமும் நீட்சிகளுக்கான தன் இரண்டாம் அமைப்பைக் கைவிட்டு, 2024ஆம் ஆண்டு முதல் அவ்வகை நீட்சிகளைப் படிப்படியாக முடக்கியது. மூன்றாம் அமைப்பிற் பின்புல நிரல் எப்போதும் விழித்திராது. வேலையில்லாதபோது உறங்கி, அழைத்தபோது எழும். நினைவில் வைத்திருந்தவற்றை அது உறக்கத்தில் இழந்துவிடும். உறங்கி எழுந்தபின்னும் நீட்சி சரியாக இயங்குகின்றதா என்பது முன்னர் இல்லாத ஒரு சோதனை. ஆகவே விதிகளை மேலோடியைச் சாராத தனிக் கோப்பாகவும், மேலோடியோடு பேசும் பகுதியை வேறாகவும் வைத்தல் அறிவுடைமை. மேலோடி மாறினும் தமிழ் விதிகள் மாறா. அவற்றின் சோதனைப் பட்டியலும் மாறாது.

வழுவமைதி

எல்லா வழுவும் நீக்கத்தக்கதன்று. ஔகார விதி, எகரக் குறியேற்ற மெய்யின்பின் அகரமேறிய ளகரமும் அதன்பின் வேறோர் எழுத்தும் வரும் சொல்லைத் தவறாகவே மாற்றும். அத்தகைய சொற்கள் மிக அரியன; எனினும் அயற்பெயர்களில் வரக்கூடும். பாமினியில் இரண்டுக்கும் வடிவம் ஒன்றேயாதலின், எழுத்தை மட்டும் நோக்கும் எவ்விதியாலும் அவற்றைப் பிரிக்கவியலாது. அறிந்த விலக்குகளைச் சொற்பட்டியலாக வைத்து, எஞ்சியதை இன்ன காரணத்தால் அமைத்துக்கொள்ளப்பட்டது என்று எழுதிவைத்தலே செய்யத்தக்கது. காரணம் எழுதப்பட்டது வழுவமைதி, எழுதப்படாதது வழுவே.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று பெறப்படும். இத்தகைய நீட்சியின் வழுக்களிற் பெரும்பாலானவை கணினியின் வழுக்கள் அல்ல. தமிழெழுத்தின் இயல்பை முற்றும் அறியாமையால் விளைந்தவை. அவற்றைக் காண்பதற்கு நிரலறிவோடு மொழியறிவும் ஊரறிவும் வேண்டும். நேரியகுளத்தைப் பட்டியலிற் சேர்ப்பதற்கு நேரியகுளத்தை அறிந்தவன் ஒருவன் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், 2021ஆம் ஆண்டு முதல் தனிப் பல்கலைக்கழகமாக விளங்கும் வவுனியாப் பல்கலைக்கழகமும் நிரலறிவை வன்னி மண்ணுக்கே கொணர்ந்துள்ளன. ஊரறிவோ பாடசாலை மாணாக்கர் ஒவ்வொருவரிடத்தும் உளது. தத்தம் ஊரின் பெயரையும், குளத்தின் பெயரையும், கோவிலின் பெயரையும் பாமினியிலும் ஒருங்குறியிலும் எழுதி ஒப்புநோக்கும் மாணாக்கன், ஒரு மென்பொருளைச் சோதிப்பதோடு நில்லான். தன் ஊர் தேடுவார்க்கு அகப்படும் ஊராக இருக்கவும் வழிசெய்தவனாவான்.